சேனல் இல்லாமல் வந்த ஒரு கே தொடர்: ‘ஈஸ்ட்சைடர்ஸ்’ பார்க்கலாமா, எதுவரை பார்க்கலாம்?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து கே வாழ்க்கையைப் பற்றி ‘ஈஸ்ட்சைடர்ஸ்’ என்று ஒரு தொடர் எந்தச் சேனலும் இல்லாமல் யூடியூபில் ஆரம்பித்து நெட்ஃபிளிக்ஸ் வரை போனதாமே? அது எப்படி நடந்தது? கதை நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, இல்லை கே கதை என்பதற்காகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களா? நானும் நண்பர்களும் குறும்படம் எடுப்பவர்கள். நாலு சீசனையும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

பதில்:

நாலு சீசனையும் பார்க்க வேண்டியதில்லை. முதல் இரண்டைப் பாருங்கள். அதற்குமேல் அந்த மனிதர்களை விட மனசு வரவில்லை என்றால் மற்றவற்றுக்குப் போங்கள். தலையில் தூக்கி வைக்கிறார்களா என்றால், கொஞ்சம் அதுவும் உண்டுதான். ஆனாலும் இந்தத் தொடரில் வேறெங்கும் லேசில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. கே மனிதர்களை நல்லவர்களாகக் காட்டியே தீரவேண்டும் என்ற கவலை இதற்கு இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால், காசு யார் கொடுத்தார்கள் என்ற இடத்தில்தான் போய் நிற்கிறது. அதனால் உங்கள் முதல் கேள்வியையும் இரண்டாவதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கதை. கேல், டாம் என்று இரண்டு ஆண்கள். சில்வர் லேக் பகுதியில் ஒரே வீட்டில் வாழும் ஜோடி. கேல் புகைப்படம் எடுப்பவன், டாம் எழுதுகிறவன். இருவரும் இன்னும் எதையும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. டாமுக்கு ஜெரமி என்று இன்னொருவனோடு தொடர்பு இருப்பது கேலுக்குத் தெரியவருகிறது. தொடக்கமே இதுதான். தெரிந்துவிட்டது, இனி சேர்ந்து இருப்பதா, பிரிவதா? முதல் சீசன் ஒன்பது சின்ன எபிசோடுகளும் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன. பக்கத்திலேயே கேலின் தோழி கேத்தியும் அவள் காதலன் இயனும். ஆண்-பெண் ஜோடியான அவர்கள் கதையும் சரியாக ஓடவில்லை. கேலின் அம்மாவாக நடிகை டிரேசி லார்ட்ஸ் வருகிறார், வந்த இடமெல்லாம் கலக்கிவிட்டுப் போகிறார்.

இதில் இல்லாதது எது என்று கவனியுங்கள். தன்பாலீர்ப்புக் கதை என்றாலே நமக்குப் பழகிப்போன ஒரு வரிசை உண்டு. பையன் மறைக்கிறான், வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது, அம்மா அழுகிறார், அப்பா கை ஓங்குகிறார், கடைசியில் அவன் சாகிறான் அல்லது எல்லாரும் அவனைக் கட்டிக்கொள்கிறார்கள். ஊர் எதுவானாலும் இந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. ஈஸ்ட்சைடர்ஸில் அந்தப் படலமெல்லாம் கதை ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். தான் யார் என்று கேலுக்கும் தெரியும், டாமுக்கும் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும். மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எவ்வளவு பொய் சொல்லமுடியும் என்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பொய்களை எழுதியவிதம்தான் எனக்குப் பிடித்தது. டாம் ஏமாற்றியவன். சரி, அப்படியானால் கேல் பாவப்பட்டவன் என்று ஒரு பக்கம் சாய்ந்து உட்காரலாம் என்று பார்த்தால், தொடர் அதற்கும் இடம் கொடுப்பதில்லை. தனக்கு நேர்ந்த துரோகத்தை ஆயுதமாக வைத்துக்கொண்டு கேல் அலைகிறான். மன்னிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மன்னிப்பதில்லை, போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதும் இல்லை. சண்டைகள் எல்லாம் தாழ்ந்த குரலில், படுக்கையிலோ சமையலறையிலோ நடக்கின்றன. ஒருவன் நகைச்சுவையாக ஒன்று சொல்லுவான், மற்றவன் சிரித்துவிடுவான், சிரித்த அடுத்த நொடி இரண்டு பேருக்கும் ஏன் சிரித்தோம் என்று இருக்கும். கல்யாணமாகிப் பல வருடமான யாருக்கும் இந்த இடம் நன்றாகத் தெரியும்.

இனி, எப்படி எடுத்தார்கள் என்பதற்கு வருகிறேன். எழுதி, இயக்கி, கேலாக நடித்தவர் கிட் வில்லியம்சன். மிசிசிப்பி மாநிலத்துக்காரர், நடிகர். ‘மேட் மென்’ தொடரில் எட் கிஃபோர்ட் என்ற சின்ன வேடத்தில் வந்தவரும் இவரே. வாய்ப்புக்காகக் காத்திருக்கும் நடிகர்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. இவர் காத்திருக்காமல் முதல் இரண்டு எபிசோடுகளைச் சொந்தக் காசில், நண்பர்களை வைத்து, தன் வீட்டிலேயே எடுத்தார். டிசம்பர் 2012ல் யூடியூபில் ஏற்றினார். இயனாக வரும் ஜான் ஹால்பக் நிஜ வாழ்க்கையில் கிட்டின் துணைவர், பின்னாளில் கணவர், தயாரிப்பிலும் பங்காளி. அவருக்குக் கொடுத்தது பெண்ணைக் காதலிக்கும் ஆண் வேடம், கிட்டின் ஜோடியாக நடித்தது வேறொருவர். எடுத்து முடிக்கும்வரை வீட்டில் எப்படிச் சமாளித்தார்களோ!

கேத்தியாக நடித்தவர் கான்ஸ்டன்ஸ் வூ. அப்போது அவரை யாருக்கும் தெரியாது. 2015ல் ‘ஃப்ரெஷ் ஆஃப் தி போட்’, 2018ல் ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ என்று அவர் பெரிய ஆளானபின், பழைய வீடியோவைத் தேடிவந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். காசில்லாத தொடரில் நல்ல நடிகர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று ஆச்சரியப்பட வேண்டாம். இணையத்துக்கென்று எடுக்கப்படும் குறைந்த செலவுப் படைப்புகளுக்காக அமெரிக்க நடிகர் சங்கத்தில் தனி ஒப்பந்தம் ஒன்று இருந்தது. படத்தில் வருமானம் வந்தபின் சம்பளம் கொடுத்தால் போதும் என்று அதில் பேசிக்கொள்ளலாம். சங்க உறுப்பினர்கள் விதியை மீறாமல் நண்பர் வீட்டுப் படப்பிடிப்பில் நடிக்க இது வழிவிட்டது. தொழில்முறை நடிகர்கள் வந்து நடித்ததற்குப் பின்னால் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

வீட்டில் படம் எடுப்பதன் தொல்லை உங்களுக்கே தெரிந்திருக்கும். கேமராவைவிட ஒலிதான் உயிரை எடுக்கும். ஃபிரிட்ஜின் உறுமல் எல்லா வசனத்துக்கு அடியிலும் பதிவாகும், அதனால் படம்பிடிக்கும்போது அதை அணைத்துவிடுவார்கள். அணைத்ததை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல் இருக்க, கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது உலகெங்கும் சின்னப் பட்ஜெட்காரர்கள் செய்யும் வேலை. சாவி இல்லாமல் கிளம்பமுடியாது, சாவியை எடுக்கப் போனால் ஃபிரிட்ஜை மறுபடி போட்டுவிடலாம். ஈஸ்ட்சைடர்ஸின் முதல் எபிசோடுகளில் இந்த வீட்டுத்தன்மை நன்றாகத் தெரியும். ஒலி சில இடங்களில் தடுக்குகிறது. வெளிச்சம் இருப்பதை வைத்துச் சமாளித்தது. நாலு சுவருக்குள் நாலு பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஜோடி தங்கள் வீட்டைவிட்டு நகரமுடியாமல் அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டிருப்பதுதான் கதை என்பதால், காசில்லாத குறை கதைக்குப் பொருந்திவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்று கேட்டால், பாதி திட்டம், பாதி அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

முதல் இரண்டு எபிசோடுகளுக்கு வரவேற்பு இருந்தது. மீதிக்குக் காசு? கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் கேட்டார்கள். அங்கே விதி கறாரானது. இவ்வளவு வேண்டும் என்று இலக்கு வைக்கவேண்டும், குறித்த நாளுக்குள் அந்த இலக்கைத் தொடாவிட்டால் ஒரு பைசாவும் கைக்கு வராது. தொட்டால் தளம் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். முதல் சீசனுக்கு 25,000 டாலர் அளவில் திரண்டது. இரண்டாவது சீசனுக்கு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைக்கு அமெரிக்கச் சேனலில் ஒரு மணிநேர நாடகத்தின் ஒரே எபிசோடுக்கு 30 லட்சம் டாலர் சாதாரணம். அதில் இருபதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு இவர்கள் ஆறு எபிசோடு எடுத்தார்கள்.

காசு கொடுத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் சுவாரஸ்யமான பகுதி. குறும்படக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். டாமாக நடித்தவர் வேன் ஹான்ஸிஸ். அவர் அதற்கு முன் ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ என்ற பகல்நேர சீரியலில் இருந்தவர். 1956ல் ஆரம்பித்து 2010 செப்டம்பர் வரை சிபிஎஸ் சேனலில் ஓடிய சீரியல், தயாரிப்பு சோப்புக் கம்பெனியான பிராக்டர் அண்ட் கேம்பிள். அதில் லூக் என்ற பையன் வேடம் இவருக்கு. லூக் தான் கே என்று வீட்டில் சொல்கிறான், அப்புறம் நோவா என்ற இன்னொரு பையனைக் காதலிக்கிறான். 2007 ஆகஸ்டில் இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். அமெரிக்கப் பகல்நேர சீரியலில் இரண்டு ஆண்கள் காதலாக முத்தமிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த வருடக் கடைசிக்குள் முத்தமே காணோம். மற்ற ஆண்-பெண் ஜோடிகள் எல்லாம் நாளுக்கு நாலு தடவை கட்டிப்பிடிக்க, இந்த இரண்டு பையன்களும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் இவர்கள் நெருங்கி வந்தால் கேமரா வேறுபக்கம் நகர்ந்துவிட்டது. விளம்பரக்காரர்களும் மதக் குழுக்களும் கொடுக்கும் அழுத்தம்தான் காரணம் என்று ரசிகர்கள் சந்தேகப்பட்டார்கள். நாள் கணக்கு வைத்துக்கொண்டு கடிதம் எழுதினார்கள். 2008 ஏப்ரலில்தான் அடுத்த முத்தம் வந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒரு பங்குதான். லூக்-நோவா காட்சிகளை மட்டும் வெட்டி யூடியூபில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். அமெரிக்கச் சேனலே கிடைக்காத நாடுகளில் இருந்தவர்கள் அதைத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு ஆண்களின் காதலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, கணினியில், தனியாக உட்கார்ந்து, வாராவாரம் பார்க்கிற பழக்கமுள்ள ஒரு கூட்டம் இப்படி உருவாகிவிட்டது. 2010ல் சீரியல் நின்றபோது அந்தக் கூட்டத்துக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அதே நடிகர், அதே யூடியூபில், முத்தத்துக்குக் கணக்கு வைக்காத ஒரு கதையோடு வந்தால் என்ன ஆகும்? ஆளுக்குப் பத்து டாலர், இருபத்தைந்து டாலர் என்று கொடுக்கக் கூட்டம் இருந்தது. பின்னால், பகல்நேர டிவி நிகழ்ச்சிகளுக்கான எம்மி விருதில் இணையத் தொடர்களுக்கும் இடம் கொடுத்தபோது, அந்த சீரியலுக்காக முன்பு பரிந்துரைக்கப்பட்ட ஹான்ஸிஸ் இதற்காகவும் பரிந்துரைக்கப்பட்டார்.

இப்போது நான் மேலே சொன்னதுக்கு வருகிறேன். சோப்புக் கம்பெனி காசு போட்டால், சோப்பு வாங்குகிற எல்லாரையும் பார்த்துப் பயப்படவேண்டும். கே பாத்திரம் வந்தால் அவன் யாருக்கும் உறுத்தாத தங்கமான பையனாக இருக்கவேண்டும். லூக் அப்படித்தான் இருந்தான். ஆர்வலர் அமைப்போ நன்கொடை நிறுவனமோ காசு போட்டால் வேறு மாதிரிச் சிக்கல். சமூகத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வருகிற மாதிரி எடுங்கள் என்பார்கள். பாத்திரங்கள் பாதுகாப்பாக உறவு கொள்ளவேண்டும், போதையைத் தொடக்கூடாது, நன்றாகப் பேசவேண்டும். கிட் வில்லியம்சனுக்குக் காசு போட்டவர்களுக்கு இந்த இரண்டு பயமும் இல்லை. நல்ல பையன் கதையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். கேலும் டாமும் குடித்துவிட்டு மோசமாக நடந்துகொள்ளும் சுதந்திரம் அந்தப் பத்து டாலர்களிலிருந்து வந்தது.

வெளியீடு எப்படி மாறிக்கொண்டே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சீசனை 2013ல் லோகோ எடுத்துக்கொண்டது. கே பார்வையாளர்களுக்கென்று 2005ல் தொடங்கிய சேனல் அது. ஆனால் 2012 வாக்கில் பொதுவான பொழுதுபோக்குப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. இரண்டாவது சீசன் 2015ல் விமியோ என்ற வீடியோ தளத்தில், காசு கொடுத்துப் பார்க்கும் முறையில் வந்தது. யூடியூப் விளம்பர வருமானத்தில் படைப்பாளிக்கு 55 சதவீதம்தான் கொடுக்கும், அதுவும் லட்சக்கணக்கான பேர் பார்த்தால்தான் கைக்கு ஏதாவது வரும். விமியோ அப்போது விற்பனையில் 90 சதவீதத்தைப் படைப்பாளிக்கே கொடுத்தது. சில ஆயிரம் பேர் உண்மையாக விரும்பிப் பார்க்கிற தொடருக்கு இரண்டாவது கணக்குத்தான் லாபம். அதன்பிறகு நெட்ஃபிளிக்ஸ் பழைய சீசன்களையும் சேர்த்து வாங்கியது. மூன்றாவது சீசன் 2017 கடைசியிலும், நான்காவதும் கடைசியுமானது டிசம்பர் 2019லும் வந்தன. யூடியூபை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 2017 மார்ச்சில் நடந்தது ஒரு உதாரணம். சிறுவர்களுக்கான கட்டுப்பாட்டு முறையில் தன்பாலீர்ப்பு தொடர்பான ஏராளமான வீடியோக்கள், சாதாரண அரட்டை வீடியோக்கள்கூட, மறைக்கப்பட்டுக் கிடந்தது தெரியவந்து பெரிய சண்டையானது. யூடியூப் தவறு என்று ஒப்புக்கொண்டது.

அடுத்தது, ஊர். தொடரின் தலைப்பிலேயே ஊர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கே வாழ்க்கை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது மேற்கே இருக்கும் வெஸ்ட் ஹாலிவுட். 1984ல் தனி நகரமாகவே பிரிந்த இடம் அது. சாண்டா மோனிகா சாலை நெடுக வண்ணக் கொடி பறக்கும் பார்கள், ஜிம்மில் செதுக்கிய உடம்புகள். கிழக்குப் பக்கத்து சில்வர் லேக் வேறு சுபாவம். ஏற்ற இறக்கமான தெருக்கள், பழைய வீடுகள், லத்தீனக் குடும்பங்கள், இசைக்காரர்கள், வாடகை கொஞ்சம் குறைவு என்று வந்து சேர்ந்த கலைஞர்கள். பின்னால் வாடகையும் எகிறிவிட்டது, அது தனிக் கதை. கேலும் டாமும் கிழக்குப் பக்கத்து ஆட்கள். சட்டை கசங்கியிருக்கும், தாடி வழித்திருக்காது, தங்களை ரொம்ப ஆழமானவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். தொடர் இதைக் கொஞ்சம் கிண்டலும் செய்கிறது.

ஆனால் அந்தத் தெருக்களுக்கு இவர்களைவிட வயதான கதை ஒன்று இருக்கிறது, தொடரைப் பார்ப்பதற்கு முன் தெரிந்துகொண்டால் நல்லது. சன்செட் சாலையில் பிளாக் கேட் என்று ஒரு பார் இருந்தது. 1967 புத்தாண்டு பிறந்த நள்ளிரவு. பன்னிரண்டு அடித்ததும் உள்ளே இருந்த ஆண்கள் வழக்கம்போல ஒருவரை ஒருவர் முத்தமிட்டு வாழ்த்திக்கொண்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக மஃப்டியில் நின்றிருந்த போலீஸ்காரர்கள் அந்த நொடியில் அடிக்க ஆரம்பித்தார்கள். பலரைக் கைது செய்தார்கள். முத்தமிட்டதற்காக வழக்குப் போட்டுத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். அதை எதிர்த்து பிப்ரவரி 11 அன்று அதே பார் வாசலில் நூற்றுக்கணக்கானோர் பதாகை பிடித்து நின்றார்கள். கே உரிமைப் போராட்டத்தின் தொடக்கம் என்று பலரும் சொல்லும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலவரத்துக்கு இரண்டு வருடம் முந்தியது இது. 2008ல் நகராட்சி அந்தக் கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2012ல் அதே பெயரில் அங்கே ஓர் உணவகம் வந்தது. அதே 2012ல், இதே பகுதியில் குன்றின்மேல் ஏறும் கோவ் அவென்யூ படிக்கட்டுக்கு மேட்டசீன் படிகள் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் ஆரம்பகால கே அமைப்புகளில் ஒன்றான மேட்டசீன் சங்கம் 1950ல் பக்கத்தில் இருந்த, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாரி ஹேயின் வீட்டில்தான் கூடியது. படிகளுக்குப் பெயர் வைத்த அதே 2012ல்தான் கிட் தன் வீட்டில் எடுத்ததை யூடியூபில் ஏற்றினார். இது எதுவும் தொடரில் பாடமாக வராது. பழைய போராட்டத்தின் பலனை அனுபவிக்கிற தலைமுறை, அதைப் பற்றி ஒன்றும் யோசிக்காமல், யார் யாரோடு படுத்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்தச் சண்டையைப் போடும் சாவகாசத்துக்காகவும்தான் முந்தையவர்கள் அடி வாங்கினார்கள்.

சட்டமும் இதோடு ஓடிக்கொண்டிருந்தது. முதல் எபிசோடு வந்தபோது கலிபோர்னியாவில் இரண்டு ஆண்கள் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. 2008 நவம்பர் வாக்கெடுப்பில் மக்களே ஓட்டுப் போட்டுத் தடுத்திருந்தார்கள். 2013 ஜூனில் அந்தத் தடை விழுந்தது, 2015 ஜூன் 26ல் நாடு முழுவதும் உரிமை வந்தது. இரண்டாவது சீசன் அந்த வருடம் வந்ததுதான். கல்யாணம் கைக்கு எட்டியதும் கேலும் டாமும் என்ன செய்கிறார்கள் என்றால், உறவைத் திறந்துவைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது ஆள் ஒருவரை வீட்டுக்கு அழைக்கலாமா, அழைத்தால் என்ன விதி, விதியை மீறினால் அதுவும் துரோகமா? முதல் சீசனில் ரகசியமாக நடந்ததை இப்போது சம்மதத்தோடு செய்கிறார்கள், பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. நான்கு சீசனில் இதுதான் எழுத்தில் சிறந்தது என்பது என் கணிப்பு. குயின்சி, டக்ளஸ் என்ற இன்னொரு ஜோடிதான் இங்கே ஆறுதல். டக்ளஸ் மேடையில் பெண்வேடமிட்டு ஆடும் கலைஞர், நடித்தவர் வில்லம். இவர்கள் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். ஆனால் கேல்-டாமைவிட இவர்களுக்குத்தான் உறவு என்றால் என்ன என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது சீசனில் நியூயார்க்கில் பிழைக்கப்போய்த் தோற்று, காரில் நாட்டைக் கடந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்புகிறார்கள். வழியெங்கும் புதுப்புது ஆட்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது, சில எபிசோடுகள் நிற்கின்றன, சில காற்றில் போகின்றன. நாலு சுவருக்குள் இருந்த இறுக்கம் நெடுஞ்சாலையில் தளர்ந்துவிட்டது. நான்காவதில் ஆளுக்கு ஆள் கல்யாணப் பேச்சு, கண்ணீர், சமாதானம். முடிக்கவேண்டுமே என்று முடித்த மாதிரி எனக்குத் தெரிந்தது. பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

குறை என்று பார்த்தால் பெரியது இன்னொன்று. இவர்கள் சொல்லும் நகரம் மிகவும் சின்னது. லத்தீனக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் நடக்கும் கதையின் நடுவில் லத்தீனர்கள் இல்லை. பணக் கஷ்டம் வசனத்தில் வருகிறதே தவிர, வாடகை தேதி வந்தால் வயிற்றைக் கலக்குகிற மாதிரி யாரும் இருப்பதில்லை. வீட்டில் எடுத்த படத்துக்கு இயக்குநரின் வட்டம்தான் உலகம். அதுவே அதன் நேர்மை, அதுவே அதன் எல்லை.

இந்தியாவில் இதற்கு அருகில் வருவது எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் குறும்படக்காரர்கள் என்பதால் சொல்கிறேன். பெங்களூரில் ரூபா ராவ் இயக்கிய ‘தி அதர் லவ் ஸ்டோரி’, 2016ல் யூடியூபில் வந்தது, 12 எபிசோடுகள். ஆத்யா, ஆஞ்சல் என்ற இரண்டு பெண்கள், தொண்ணூறுகளின் கடைசி, செல்போன் கையில் இல்லாத காலம். வீட்டுப் போனை யார் எடுப்பார்களோ என்று பயந்துகொண்டு பேசும் காதல். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்து, 2018 செப்டம்பர் 6ல் அதே நீதிமன்றம் வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவுக்கு அது செல்லாது என்று சொல்லும்வரை இருந்த இடைவெளியில் எடுத்தது இது. அதனால் அதன் பயம் வேறு, அமைதி வேறு. ஈஸ்ட்சைடர்ஸோடு தராசில் வைக்காமல் தனியாகப் பாருங்கள்.

உங்கள் வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா என்றால், கிக்ஸ்டார்ட்டரை எல்லாரும் காப்பி அடிப்பார்கள், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. காசு கேட்பதற்கு முன் இரண்டு எபிசோடு முடித்துக் கையில் வைத்திருந்தார் என்பதைப் பாருங்கள். கேட்கும்போது, ஏற்கெனவே ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்திடம் போய்க் கேட்டார். உங்கள் கதைக்கு அப்படி ஒரு கூட்டம் எங்கே இருக்கிறது, இப்போது அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஸ்கிரிப்ட் எழுதும்போதே தேடத் தொடங்கிவிடுங்கள்.

பார்க்கும் வரிசை: முதல் சீசனை ஒரே மாலையில் முடித்துவிடலாம், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதை அவசரமில்லாமல் பாருங்கள். அப்புறம் மூன்றாவதுக்குப் போகும் முன், அதே 2012ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆடம் கோல்ட்மேன் இதே மாதிரி மக்களிடம் காசு திரட்டி எடுத்த ‘தி அவுட்ஸ்’ தொடரைப் பாருங்கள். அதிலும் பிரிந்துபோன இரண்டு ஆண்கள்தான், ஆனால் பேச்சு இன்னும் கூர்மை. ஒரே வருடத்தில், ஒரே மாதிரிக் காசில், இரண்டு நகரங்கள் எப்படி வேறு வேறாகச் சண்டை போடுகின்றன என்று தெரியும். அதையும் பார்த்தபிறகு கேல், டாம் நினைவு வந்தால் காரில் ஏறிக்கொள்ளுங்கள்.